இரண்டுமே நல்ல கல்லூரிதான், எங்கே போய் நான்கு வருடம் இருப்பது?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஒரு மாணவர் நீளமாக எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

முதலாவது ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, அதாவது பல துறைப் பாடங்களோடு இளநிலைப் படிப்பையே மையமாக வைத்த கல்லூரி. மொத்தமே 1,700 மாணவர்கள். வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். பெரிய நகரத்துக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். நான்கு வருடமும் ஏறக்குறைய எல்லோரும் வளாக விடுதியிலேயே தங்குகிறார்கள். இரண்டாவது, ஒரு மாநகரத்தின் நட்டநடுவில் இருக்கும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். இளநிலை மாணவர்களே 20,000-க்கு மேல். சுற்றுச்சுவர் கிடையாது, கட்டடங்கள் தெருத்தெருவாகச் சிதறியிருக்கின்றன. முதல் வருடம் முடிந்ததும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியே அறை எடுத்துப் போய்விடுவார்களாம். நிதியுதவி போக, கட்டவேண்டிய தொகை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இவருக்குக் கணிதம் படிக்க ஆசை. மே 1-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா, "படிக்கப் போறியா, இடம் பார்க்கப் போறியா? ரேங்க் எது மேலே இருக்கோ அதுல சேரு" என்கிறார். ஒரு பட்டியலில் பல்கலைக்கழகம் 24-ஆம் இடத்திலும், கல்லூரி 31-ஆம் இடத்திலும் இருக்கின்றனவாம். மாநகரத்தில் இருந்தால் முதல் வருடமே எங்காவது வேலை பார்த்து அனுபவம் சேர்க்கலாம் என்பதும் அவர் கணக்கு. அம்மாவுக்கு மாநகரம் என்றாலே பயம். மாணவருக்கோ சிறிய கல்லூரி மேல்தான் மனசு. "நான் கூச்ச சுபாவம். சின்ன இடமாக இருந்தால் நண்பர்கள் தானாகக் கிடைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடத்தில் மாறிக்கொள்ளலாம்தானே?" என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவில் வேறு இரண்டு வரிகளும் இருக்கின்றன. "பெரிய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் நான் காணாமலே போய்விடுவேன். ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் எனக்குத் தெரிந்தது வெளியே வரும்." இந்த வரிகளுக்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது நீங்கள் முடிவே எடுத்துவிட்டீர்கள் என்று தோன்றியது. சிறிய கல்லூரிக்கு ஒன்றரைப் பக்கம், மற்றதற்கு நாலு வரி. இரண்டாவது முறைதான் கவனித்தேன். உங்கள் வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறீர்கள், மூன்றுமே தட்டினால் ஆடுகிறவை. முடிவு சரியாகவே இருந்தாலும் காரணம் தவறாக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அக்டோபர் மாதம் அந்தக் காரணம் பொய்த்துப்போகும்போது, கல்லூரியே தப்பு என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

முதலில் அப்பாவின் கேள்வி. சூழலைப் பார்த்துக் கல்லூரி தேர்வது அற்பமான காரியமா? வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் வகுப்பறையில் இருப்பது சுமார் 15 மணி நேரம்தான். மீதியில் படிப்பது, தூங்குவது, பேசுவது, தனியாக உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்த இடத்தில்தான் நடக்கப்போகிறது. இரண்டு இடத்திலும் பாடம் தரமாக இருக்கும்போது, மிச்ச 153 மணி நேரத்தைப் பார்த்து முடிவெடுப்பது படிப்பை அலட்சியம் செய்வதாகாது. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கணக்கு என்றால் அப்பாக்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

ரேங்க், வேலை, பாதுகாப்பு

அப்பா பார்த்த 24-ம் 31-ம் ஒரே பட்டியலில் உள்ள எண்களாக இருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவில் பரவலாகப் பார்க்கப்படும் யு.எஸ். நியூஸ் தரவரிசை, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களை ஒரு பட்டியலாகவும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை வேறொரு பட்டியலாகவும் வெளியிடுகிறது. ஒரு பட்டியலின் 24-ஐயும் இன்னொன்றின் 31-ஐயும் ஒப்பிடுவது, நூறு மீட்டர் ஓட்டத்தில் நாலாவதாக வந்தவரையும் நீச்சலில் ஏழாவதாக வந்தவரையும் நிற்கவைத்து யார் வேகம் என்று கேட்பது போல.

இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தாலும்கூட, ஏழு இடம் என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, ஒரே மாதிரியான கல்லூரிகளில் அனுமதி கிடைத்தும் வெவ்வேறு இடங்களில் சேர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். அதிகப் போட்டியுள்ள கல்லூரியில் சேர்ந்தவருக்கும், அங்கே இடம் கிடைத்தும் வேறிடம் போனவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும், போட்டி மிகுந்த கல்லூரியில் சேர்ந்தது லாபமாக இருந்தது. அந்த விதிவிலக்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மற்றபடி, அனுமதி வாங்கும் அளவுக்குத் திறமை இருக்கிறவர் எங்கே போனாலும் அந்தத் திறமையும் கூடவே போகிறது என்று இதை வாசிக்கலாம்.

மாநகரத்தில் முதல் வருடமே வேலை என்ற கணக்குக்கு விசா விதியே இடம் கொடுக்காது. நீங்கள் போகப்போவது எஃப்-1 மாணவர் விசாவில். இன்றைய விதிப்படி, வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். வெளி நிறுவனத்தில் பாடத்தோடு இணைந்த பயிற்சி வேலைக்கு, ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். கல்லூரியின் அனுமதியும் வேண்டும். அனுமதி இல்லாமல் வெளியே வேலை பார்த்தால் விசா அந்தஸ்தே போய்விடும். எனவே முதல் வருடம் எதிர்த் தெருவில் நூறு கம்பெனி இருந்தாலும் ஒன்றுதான், வயல் இருந்தாலும் ஒன்றுதான். இரண்டாம் வருடத்திலிருந்து நகரத்துக்கு ஓர் அனுகூலம் வருவது உண்மை. செமஸ்டர் நடக்கும்போதே பகுதி நேரமாக ஓர் இன்டர்ன்ஷிப் செய்ய முடியும். ஆனால் பெரும்பாலான இன்டர்ன்ஷிப்கள் கோடை விடுமுறையில் நடப்பவை. கோடையில் எந்த ஊருக்கும் போகலாம். பட்டம் முடிந்தபின் கிடைக்கும் 12 மாதப் பயிற்சி அனுமதியும், கணிதம் போன்ற பாடங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 24 மாதமும் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த விதிகள் மாறக்கூடியவை, சேரும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் ஒருமுறை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளமாட்டேன். ஆனால் "நகரம் ஆபத்து, கிராமம் பத்திரம்" என்பதை ஊகமாக வைத்திருக்க வேண்டியதில்லை. 1986-ல் ஒரு மாணவி தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்ட பிறகு, அவர் பெற்றோரின் போராட்டத்தால் 1990-ல் ஒரு சட்டம் வந்தது. க்ளெரி சட்டம் என்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அதன்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள், கடந்த மூன்று ஆண்டுகளில் வளாகத்திலும் அதையொட்டிய பொது இடங்களிலும் பதிவான குற்றங்களை வெளியிட்டாக வேண்டும். இரண்டு கல்லூரிகளின் அறிக்கையையும் அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எண் குறைவாக இருந்தால் குற்றமே குறைவு என்றுதான் அர்த்தம் என்றில்லை. புகார் கொடுக்கவே பிள்ளைகள் தயங்குகிறார்கள் என்றும் இருக்கலாம். சிற்றூரில் இருப்பது வேறு வகை ஆபத்து: பனி பெய்த இருட்டுச் சாலை, வார இறுதியில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வரும் குடி, அவசரத்துக்குப் பெரிய மருத்துவமனை தூரமாக இருப்பது. இவற்றில் பல அந்த அறிக்கையில் வராது.

கூச்சம்

இனி உங்கள் காரணம். "கூச்ச சுபாவம், அதனால் சின்ன இடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பல வருடங்களாகப் பல பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி. தன் வளாகத்தில் குடும்பத்தோடு வந்த மாணவர்களுக்கு வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பைக் கட்டியது. யாருக்கு எந்த வீடு என்பதில் விருப்பத்துக்கு இடமில்லை. அங்கே யார் யாருக்கு நண்பர்கள் ஆனார்கள் என்று உளவியலாளர்கள் ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரர்கள் 41 சதவீதம் பேர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பர் என்றார்கள். இரண்டு வீடு தள்ளி என்றால் 22 சதவீதம். அதே மாடியின் இரண்டு கோடிகளில் இருப்பவர்கள் என்றால் 10 சதவீதம்தான். மாடிப்படி, தபால் பெட்டிக்கு அருகில் இருந்தவர்களுக்குக் கூடுதல் நண்பர்கள்.

அங்கே மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது நட்பைத் தீர்மானிக்கவில்லை. யாரை நினைக்காமலே தினமும் எதிர்ப்பட வேண்டியிருந்தது என்பதே தீர்மானித்தது. எனவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி 1,700 பேரா, 20,000 பேரா என்பதல்ல. நம் நடைவழியில் எத்தனை பேர்? ஒரே பாத்ரூம், ஒரே சமையலறை, ஒரே படிப்பறை யாரோடெல்லாம்? அடுத்த வருடமும் அதே ஆட்கள் இருப்பார்களா? பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும் முதல் வருட மாணவர்களை 30, 40 பேர் கொண்ட மாடிகளாகப் பிரித்து, அதே குழுவுக்குச் சேர்த்து ஒரு சிறிய வகுப்பும் வைத்தால், கூச்சக்காரருக்கு அது ஒரு சின்னக் கல்லூரிதான். யேல் பல்கலைக்கழகம் 14 உறைவிடக் கல்லூரிகளாகவும் (சேர்ந்து தங்கி உண்ணும் குழுக்கள்), ரைஸ் பல்கலைக்கழகம் பத்துக்கும் மேற்பட்டவையாகவும் தங்கள் மாணவர்களைப் பிரிப்பது இதற்காகத்தான். சேரும் முன்பே எந்தக் குழு என்று அவர்களே ஒதுக்கிவிடுவதால், யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்ற தவிப்பு இல்லை. உங்களுக்கு இடம் கொடுத்திருக்கும் பல்கலைக்கழகத்தில் அப்படி ஏதாவது உண்டா? கடிதத்தில் அது பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் வருடம் பலர் வெளியே போய்விடுவதுதான் அங்கே எனக்கு உறுத்துகிற விஷயம். கூச்சக்காரருக்கு முதல் வருடம் முழுக்க ஆள் பழகவே சரியாக இருக்கும். பழகி முடித்த நேரத்தில் ஆளாளுக்கு ஒரு தெருவுக்குப் போய்விடுவார்கள்.

சிறிய கல்லூரியின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மறைய இடமில்லை. முதல் மாதம் ஒரு சண்டை என்றால் நான்கு வருடமும் அதே உணவுக்கூடத்தில் அதே முகம். உங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் முதல் வருடமே உருவாகி, அது உங்களுக்கு முன்னால் நடந்து போகும். என்னிடம் வந்த ஒரு மாணவி, சிறிய கல்லூரியில் மூன்றாம் வருடம், "இங்கே புதிதாக யாரையும் சந்திக்க முடியவில்லை, எல்லோரும் ஏற்கெனவே யாரோவாக இருக்கிறார்கள்" என்றாள். ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து அதே கல்லூரியை விரும்பி முடித்தாள் என்பதும் உண்மை.

கல்லூரியின் குணம் எங்கே தெரியும்

இதுதான் இந்தப் பதிலில் நான் மிகவும் சொல்ல விரும்புவது. விளம்பர மடலில் எல்லாக் கல்லூரியும் "நெருக்கமான சமூகம்" தான். புல்வெளியில் நாலு பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் புல்வெளி வருடத்தில் எத்தனை மாதம் பனிக்கடியில் இருக்கும் என்று யாரும் படம் போடுவதில்லை. கல்லூரியின் குணத்தை அதன் விதிகளில் தேடுங்கள். விதி பழக்கத்தை உண்டாக்குகிறது, பழக்கம்தான் பிறகு "கலாசாரம்" என்று பெயர் வாங்குகிறது.

மதிப்பெண் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-ல், இளநிலைப் பாடங்களில் ஏ வகை மதிப்பெண்கள் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஓர் இலக்கு வைத்தது. பக்கத்தில் இருப்பவன் நன்றாக எழுதினால் என் ஏ போய்விடும் என்ற நினைப்பு மாணவர்களிடையே வந்தது. 2014-ல் அந்த இலக்கைக் கைவிட்டார்கள். எம்.ஐ.டி.யில் முதல் செமஸ்டரில் தேறினால் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும், தேறாத பாடம் வெளியே போகும் மதிப்பெண் பட்டியலில் வராது. ஒரிகன் மாநிலத்தில் உள்ள ரீட் கல்லூரியில் விடைத்தாளில் ஆசிரியரின் கருத்துதான் எழுதி வரும். கிரேடு பதிவாகும், ஆனால் ஓரளவு நன்றாகப் படிக்கும் மாணவர் கேட்டால்தான் சொல்வார்கள். ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் தேர்வுக்குக் கண்காணிப்பாளரே கிடையாது. மாணவர்களே நடத்தும் நேர்மை விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதை ஆண்டுதோறும் மாணவர்களே கூடி மறுபடி ஏற்கிறார்கள். இந்த நான்கு இடங்களுமே படிப்பில் பலமானவை. ஆனால் நள்ளிரவில் ஒரு கணக்கு வரவில்லை என்று அடுத்த அறைக் கதவைத் தட்டும்போது கிடைக்கும் பதில் நான்கிலும் ஒரே மாதிரி இருக்காது.

காலண்டரும் அப்படித்தான். செமஸ்டர் என்றால் 15 வாரம். ஆற அமரப் படிக்கலாம். சில இடங்களில் உள்ளதுபோல 10 வார டெர்ம் (பருவம்) என்றால், மூன்றாம் வாரமே இடைத்தேர்வு வந்து நிற்கும். உடம்புக்கு முடியாமல் ஒரு வாரம் படுத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கொலராடோ கல்லூரியில் ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம், அப்புறம் அடுத்த பாடம். பாடத்திட்டத்தில் கொலம்பியா 1919 முதல் பொதுப் பாடங்களை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தத் துறை மாணவரோடும் பேச ஒரு பொதுப் புத்தகம் கையில் இருக்கும். பிரவுன் 1969 முதல் அதற்கு நேர் எதிர்: துறைக்கு வெளியே கட்டாயப் பொதுப் பாடம் ஏதுமில்லை.

மாலை நேரத்தை யார் நடத்துகிறார்கள் என்றும் பாருங்கள். ஃபிரட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கங்களின் கையில் விருந்தும் கொண்டாட்டமும் இருக்கும் கல்லூரிகளில், வெளியே நிற்பவருக்கு வெள்ளிக்கிழமை இரவு நீளம். மாநகரத்தில் அது அவ்வளவு உறுத்தாது, வேறு போக்கிடம் உண்டு. சிற்றூரில் அதுதான் ஒரே போக்கிடமாக ஆகிவிடலாம். இதை உணர்ந்துதான் வில்லியம்ஸ் கல்லூரி 1962-லும், போடன் கல்லூரி 1997-லும் அவற்றை ஒழிக்க முடிவெடுத்தன. இரண்டும் சிற்றூர்க் கல்லூரிகள்.

இதையெல்லாம் எங்கே தேடுவது? காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். பி பிரிவில், முதல் வருடம் முடித்து இரண்டாம் வருடமும் அங்கேயே தொடர்ந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். எஃப் பிரிவில் விடுதியில் இருப்பவர்கள், ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்தவர்கள். ஐ பிரிவில் எத்தனை வகுப்புகள் 20 பேருக்குக் கீழே, எத்தனை 100 பேருக்கு மேலே என்ற விவரம். விளம்பர மடல் நூறு பக்கம் சொல்லாததை இந்த மூன்று பிரிவுகள் சொல்லிவிடும்.

சிற்றூர் என்பதற்கும் பல அர்த்தம் உண்டு

ஸ்வார்த்மோர் ஒரு மரத்தோட்டத்துக்குள் இருக்கும் அமைதியான கல்லூரி. ஆனால் வளாகத்தின் ஓரத்திலேயே ரயில் நிலையம், ஃபிலடெல்ஃபியா 11 மைல். ஆம்ஹர்ஸ்ட் சிறிய கல்லூரிதான். சுற்றியுள்ள நான்கு கல்வி நிலையங்களிலும் பாடம் எடுக்கலாம். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்டில் ஐந்து இளநிலைக் கல்லூரிகள் ஒட்டி ஒட்டியே இருக்கின்றன. அயோவாவில் உள்ள கிரின்னல் அப்படியல்ல. இரு பக்கமும் நகரம் ஒரு மணி நேரத் தூரத்தில். அங்கே கல்லூரிதான் ஊர், ஊர்தான் கல்லூரி. உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்தக் கடைசி வகை என்று தெரிகிறது. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் கேள்விகள் மாறும். காரில்லாத மாணவர் சனிக்கிழமை நகரத்துக்குப் போய்வர பஸ் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? விமான நிலையத்துக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள்?

இன்னொன்று, வெளிநாட்டு மாணவர்கள் பலர் டிசம்பரில்தான் கண்டுபிடிக்கிறார்கள்: விடுமுறையில் விடுதியை மூடிவிடுவார்களா? மினசோட்டாவின் கார்ல்டனில் நவம்பர் இறுதியில் முதல் டெர்ம் முடிந்துவிட்டால் ஆறு வாரம் போல விடுமுறை. வீடு பக்கத்தில் இருப்பவருக்குச் சுகம். கடல் தாண்டி வந்தவர் எங்கே தங்குவார், உணவுக்கூடம் திறந்திருக்குமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வட மாநிலங்களில் டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இது கேட்கச் சின்ன விஷயம். முதல் குளிர்காலத்தில் மனசு சோர்ந்து என்னிடம் பேசிய பிள்ளைகளில் பலர், படிப்பைப் பற்றிப் பேசியதைவிட இருட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்வது

மாறலாம், உரிமை இருக்கிறது. விசா பதிவையும் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் இலையுதிர் பருவத்தில் மாறிச் சேர்வதற்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய மார்ச் மாதத்தையொட்டி முடிந்துவிடும். அப்போது உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர் மதிப்பெண்ணும், உங்களை மூன்று மாதமே பார்த்த ஆசிரியரின் சிபாரிசுக் கடிதமும்தான். எடுத்த கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான கணக்கு) எல்லாம் ஏற்கப்படும் என்ற உத்தரவாதமும் இல்லை. மிக முக்கியமாக, மாறி வரும் வெளிநாட்டு மாணவருக்கு நிதியுதவி கிடைப்பது அரிது. இப்போது உங்கள் கையில் இருக்கும் உதவித்தொகை உங்களோடு வராது. எனவே "ஒரு வருடம் பார்க்கலாம்" என்று சேராதீர்கள். வீடு மாதிரி நினைத்துச் சேருங்கள், அவசர வழி எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

என் அபிப்பிராயம்

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். உங்கள் காரணம் தவறு, முடிவு சரியாக இருக்கலாம்.

கடைசி வரிசையில் காணாமல் போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள் அல்லவா, எனக்குக் கடிதத்தில் கனமாகப் பட்டது அதுதான். கூச்சம் வயதோடு குறையும், ஆறு மாதத்திலேயே குறையலாம். ஆனால் ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. 2014-ல் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. என்மேல் அக்கறை காட்டிய ஒரு பேராசிரியர், படிப்பில் ஆர்வம் மூட்டிய ஒருவர், என் கனவை ஊக்குவித்த ஒரு வழிகாட்டி, இந்த மூன்றும் தனக்குக் கிடைத்தது என்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதமே. அவர்கள் பிற்காலத்தில் தங்கள் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இது நினைவிலிருந்து சொன்ன பதில்களை வைத்த கணக்கு, இதனால்தான் அது என்று நிரூபணம் இல்லை. ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. நகரத்தை ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஆசிரியரை அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது.

ஆகவே என் தராசு சிறிய கல்லூரிப் பக்கம் சாய்கிறது. ஒரே ஒரு தடை இருக்கிறது, அது கணிதத்தில். சிறிய கல்லூரியின் கணிதத் துறையில் பத்து, பன்னிரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். உயர்நிலைப் பாடங்களில் சில இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். முதுநிலைப் பாடங்களே இருக்காது. நீங்கள் வேகமாக ஓடுகிறவர் என்றால் மூன்றாம் வருடம் படிக்கப் பாடமில்லாமல் நிற்கலாம். பெரிய பல்கலைக்கழகத்தில் அந்தக் கவலை இல்லை. முதல் வருடக் கால்குலஸில் 200 பேர் இருந்தாலும், நான்காம் வருடப் பாடத்தில் 12 பேர்தான் இருப்பார்கள். இதைத் தீர்க்க, கல்லூரியின் கடந்த மூன்று வருடப் பாடப் பட்டியலை எடுத்து, கணிதத்தில் என்னென்ன உண்மையில் நடத்தப்பட்டன என்று எண்ணுங்கள். கையேட்டில் அச்சாகியிருப்பது எல்லாம் நடந்திருக்காது. கணிதத் துறைத் தலைவருக்கே எழுதலாம்: அல்ஜீப்ராவும் அனாலிசிஸும் இரண்டாம் வருடமே முடிப்பவர்களுக்கு என்ன செய்வீர்கள்? நாலு நாளில் நீளமான பதில் வந்தால் அதுவே ஒரு தகவல். பதிலே வராவிட்டாலும்தான்.

மே 1-க்கு முன்

போய்ப் பார்க்க வசதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, போனவர்களும் பெரும்பாலும் திருவிழா நாளில்தான் போகிறார்கள். இரண்டு இடத்திலும் இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் வெளிநாட்டு மாணவர் இரண்டு பேரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்யுமாறு சேர்க்கை அலுவலகத்தைக் கேளுங்கள். "கல்லூரி எப்படி?" என்று கேட்டால் நல்லாயிருக்கு என்பார்கள். பிப்ரவரியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிறகு என்ன செய்தாய், யாரோடு சாப்பிட்டாய், கடைசியாக ஒரு பேராசிரியர் அறைக்கு எப்போது போனாய், மனசு சரியில்லாதபோது கவுன்சலரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தாய் என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்வார்கள்.

அவகாசம் வேண்டும் என்று இரண்டு இடத்திலும் முன்பணம் கட்டி வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெரியவந்தால் இரண்டு அனுமதியும் ரத்தாகலாம். நியாயமான காரணம் இருந்தால் சில நாள் அவகாசம் எழுதிக் கேட்கலாம், அது தப்பில்லை. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், விசா நேர்காணல் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும், இழுத்தடித்தால் அந்த நாட்கள்தான் குறையும்.

அப்பாவுக்கு ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் மதிப்பெண்ணைக் கல்லூரி அவருக்குத் தபாலில் அனுப்பாது. 1974-ல் வந்த ஃபெர்பா சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்த உரிமை மாணவருடையது. பொதுவாக நீங்கள் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் பெற்றோருக்குத் தெரிவிப்பார்கள். முதல் செமஸ்டர் முடிவில் இது தெரிந்து வீட்டில் மனத்தாங்கல் ஆவதைவிட, எப்போது என்ன பகிர்ந்துகொள்வது என்று இப்போதே பேசி வைப்பது நல்லது.

எதற்குச் சம்மதம் சொன்னாலும், அதே நாளில் மற்றதற்கும் இரண்டு வரி எழுதி விலகிவிடுங்கள். அங்கே காத்திருப்புப் பட்டியலில் உங்களைப் போல ஒருவர் தினமும் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.